உச்சிப்புளிப் பக்கம் தினமும் நிற்கும் வெளிச்சம்: விசாரித்தார்கள், பதில் எங்கே?

கேள்வி: வேதாளையிலிருந்து ஒரு வாசகர், ஜனவரி 11, 2025

பத்து நாளாகப் பார்க்கிறோம். இருட்டினதும் ஏழு மணிக்கு உச்சிப்புளிக்கு மேலே பெரிய வெளிச்சம் ஒன்று நிற்கிறது. ஒன்பது மணிக்கு மேல் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டே கீழே இறங்கிக் காணாமல் போகிறது. சத்தம் கிடையாது. எங்கள் படகில் நாலு பேரும் பார்த்தோம். போன வாரம் சீருடையில் இரண்டு பேர் கரைக்கு வந்து, கடலில் வித்தியாசமாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு வார்த்தையும் இல்லை. அமெரிக்காவில் ராணுவமே இதை விசாரித்து அறிக்கை வெளியிடுகிறது. இங்கே ஏன் மறைக்கிறார்கள்?

ஜனவரி 11, இரவு

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை தம்பி. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. 2009இல் 'ஐஎன்எஸ் பருந்து' என்று பெயர் வைத்தார்கள். 2012இல் ஆளில்லா விமானப் படைப்பிரிவு ஒன்றையும் அங்கே தொடங்கினார்கள். விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை விளக்கு. நீங்கள் பார்த்ததும் அந்த இரண்டு நிறம்தான். பயிற்சிக்கு ஏற்றியிருப்பார்கள். பாம்பனில் வயர்லெஸ் செட்டும் ஜிபிஎஸ்ஸும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், இருபது வருடமாக அந்தப் பக்கம் பறப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 12

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அது தவறு.

காலையில் கடையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வலை பொத்துகிற பெரியவர் ஒருவர் பேட்டரி மாற்ற வந்திருந்தார், எழுபது வயதுக்கு மேல். எல்லாம் கேட்டுவிட்டு, "அது வெள்ளிடா. விடியலில் வந்தால் விடிவெள்ளி என்று கும்பிடுகிறீர்கள், அந்தியில் வந்தால் ஆளில்லா விமானமா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சாயங்காலம் குந்துகால் போனேன். கையில் படகுக் காம்பஸ் ஒன்று. காம்பஸில் வடக்கு பூஜ்ஜியம், கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 டிகிரி. ஏழரை மணிக்கு வெளிச்சம் 260 டிகிரியை ஒட்டி நின்றது. பாம்பனிலிருந்து உச்சிப்புளி 280 டிகிரி. இருபது டிகிரி என்றால் கையை நீட்டி முட்டி பிடித்தால் இரண்டு முட்டி அகலம், சின்ன வித்தியாசம் இல்லை. கரையில் நிற்கிறவனுக்கு மேற்கே பெரிதாகத் தெரிந்த இடம் உச்சிப்புளி. அதனால் மேற்கே நின்ற வெளிச்சத்தை அதன் தலையில் வைத்துவிட்டோம். நானும்தான்.

உயரமும் அளந்தேன். ஒரு முட்டி ஏறக்குறைய பத்து டிகிரி. ஏழரைக்கு மூன்று முட்டிக்குக் கொஞ்சம் குறைவு, எட்டரைக்கு ஒன்றேகால் முட்டி. மணிக்கு ஒன்றரை முட்டி இறக்கம். வானத்தில் உள்ளது எல்லாம் பூமி சுற்றுவதால் இறங்கும் வேகம் அதேதான், மணிக்கு 15 டிகிரி. எந்த விமானியும் இவ்வளவு சீராகப் பூமியோடு ஒத்துப்போகமாட்டான்.

சிவப்பும் பச்சையும்? தொடுவானத்தை ஒட்டி வரும்போது அந்த ஒளி நம்மிடம் வந்து சேர மிகத் தடித்த காற்றைக் கடக்க வேண்டும். கடல்மேல் சூடும் குளிருமாக அடுக்கடுக்காகக் காற்று கிடக்கும். அது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஆட்டும். விமான விளக்கு என்றால் சிவப்பு ஒரு பக்கமும் பச்சை ஒரு பக்கமும் இருக்கும். இதில் ஒரே புள்ளி மாறி மாறி இரண்டு நிறமும் காட்டியது. இதை நேற்றே யோசித்திருக்க வேண்டும்.

ஆக, பத்துக் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற வெள்ளிக் கிரகத்தை இருபத்தைந்து கிலோமீட்டரில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 13

வேதாளைத் தம்பிக்குக் கோபம். "படகு ஓட்டுகிற எங்களுக்கு வெள்ளி தெரியாதா" என்கிறார். கோபம் நியாயம்தான். அதனால் இதைச் சொல்கிறேன், இது படிக்காதவன் படித்தவன் சமாச்சாரம் இல்லை. நம் ராணுவமே ஏறக்குறைய ஆறு மாதம் இதே வெள்ளியைப் பார்த்து நின்றது.

2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம். எல்லைக்கு அந்தப்புறம் சீனா. மலைக்கு மேலே வெளிச்சம் வருகிறது, நிற்கிறது, நகர்கிறது, போகிறது. சீனாவின் உளவு விமானம் என்று நினைத்து ஒவ்வொன்றையும் பதிவு செய்தார்கள். மொத்தம் 329 பதிவு. அதில் 155 எல்லை மீறல் என்று கணக்கு. கடைசியில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அவர்கள் திசையையும் உயரத்தையும் நேரத்தையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. அந்தக் குளிர்காலத்தில் வியாழன் இரவு முழுக்க இருந்தது, வெள்ளி விடியலுக்கு முன் வந்தது. பதினாலாயிரம் அடி உயரத்தில் காற்று மெல்லிசு, தூசி இல்லை, கிரகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும்.

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிப்பாய்கள்மேல் மரியாதைதான் வந்தது. எலும்பைத் துளைக்கும் குளிரில் நின்று 329 முறை எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்து இருந்ததால்தான் பதில் கிடைத்தது. "ஒரு வெளிச்சம் பார்த்தோம்" என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கும் அது சீன விமானமாகவே இருந்திருக்கும்.

அந்த நிறுவனத்துக்கு நம் பக்கத்து உறவும் உண்டு. கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கிற கூடமும், திருப்பத்தூர்ப் பக்கம் காவலூரில் பெரிய தொலைநோக்கியும் அவர்களுடையதுதான்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல், கடை அடைப்பு. அமெரிக்க விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், தம்பி அதைத்தான் முதலில் கேட்டார்.

1947 ஜூன் 24இல் கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்ததாகச் சொன்னார். 'பறக்கும் தட்டு' என்ற பேச்சு அங்கே ஆரம்பித்தது. அடுத்த வருடம் அமெரிக்க விமானப்படை 'சைன்' என்று ஒரு விசாரணை தொடங்கியது, பிறகு 'கிரட்ஜ்', 1952 முதல் 'புளூ புக்'. 1969 டிசம்பரில் மூடினார்கள். மொத்தம் 12,618 புகார். அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை.

இந்த 701ஐ வைத்துத்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு மற்ற பதினோராயிரத்துச் சொச்சம்தான் முக்கியம். கிரகம், நட்சத்திரம், எரிகல், பலூன், விமானம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்த்திருக்கிறார்கள். என் கடைக்கு வருகிற வயர்லெஸ் செட் மாதிரி. பத்தில் ஒன்பதில் ஒயர் அறுந்திருக்கும், பியூஸ் போயிருக்கும். ஒன்றில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று பிடிபடாது. அந்த ஒன்றில் பேய் இருக்கிறது என்று நான் சொல்வதில்லை, எனக்குப் பிடிபடவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்த விசாரணையில் பெரிய குறை ஒன்று இருந்தது. ராணுவம் கேட்பது ஒரே கேள்வி: இதனால் நாட்டுக்கு ஆபத்து உண்டா? இல்லை என்று தெரிந்ததும் ஃபைலைக் கட்டிவிடும். பார்த்தவனுடைய கேள்வி 'அது என்ன' என்பது. அவனுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. பிரிட்டனிலும் இதே கதை. ஐம்பது வருடத்துக்கு மேல் புகார் வாங்கினார்கள், ஒன்றில்கூட நாட்டுக்கு ஆபத்து தெரியவில்லை என்று 2009இல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது இன்னும் மோசம். நிறையப் பேர் வெளிச்சம் பார்த்தார்கள். விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், அவற்றில் சில சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்று சொன்னார். ஊரே கொதித்தது. பின்னால் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு அப்போது அந்த மாநிலத்திலிருந்து போன நாடாளுமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்று கேட்டார். பதில் சரியா தப்பா என்பது இருக்கட்டும், பார்த்தவர்களை உட்கார வைத்துக் கேட்காமல் வந்த பதில் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. ஹைனெக்கும் பின்னாளில் மனம் மாறி, 1973இல் தானே ஓர் ஆய்வு மையம் ஆரம்பித்தார்.

வேதாளைக்கு வந்த இரண்டு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு போன் போட்டு "அது கிரகம்பா" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது.

ஜனவரி 19

"நேற்று இரண்டு வெளிச்சம், ஒன்று சின்னது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சின்னது சனி. நேற்று வெள்ளிக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தது, கை நீட்டினால் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. கிழக்கே சிவப்பாக நிற்பது செவ்வாய், உச்சியில் ஆறாமீனுக்குக் கொஞ்சம் தள்ளி இருப்பது வியாழன். இந்த மாதம் நாலும் ஒரே இரவில் நிற்கிறது. இனி அந்த வியாழனையும் செவ்வாயையும் பார்த்தும் புகார் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஜனவரி 22

மண்டபத்திலிருந்து ஒருவர்: "அது நின்ற இடத்திலேயே நிற்கவில்லை, இடமும் வலமும் ஆடியது. நான் கண்ணால் பார்த்தேன்."

நம்புகிறேன். நீங்கள் இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னலை மூடி, ஒரே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தூரத்தில் வையுங்கள். அந்தச் சிவப்புப் புள்ளியை ஒரு நிமிடம் இமைக்காமல் பாருங்கள். நேற்று நான் செய்தேன். முதலில் அசையவில்லை. அரை நிமிடத்தில் மெல்ல இடது பக்கம் வழுக்கியது, நின்றது, மேலே ஏறுவது போல வந்தது. எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தேன், வைத்த இடத்தில்தான் இருந்தது. சுற்றிலும் இருட்டு, ஒப்பிட வேறு எதுவும் இல்லை என்றால் கண்ணின் சிறு அசைவை மூளை பொருளின் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். அலையில் ஆடும் படகிலிருந்து பார்த்தால் இன்னும் அதிகம்.

கொடிக்கம்பத்தையோ தென்னை மட்டையையோ ஓரமாக வைத்துப் பார்த்தால் ஆட்டம் நின்றுவிடும்.

பிப்ரவரி 2

நேற்று பிறைக்குப் பக்கத்தில் அந்த வெளிச்சம் நின்றதை ஊரே பார்த்தது. எனக்கு அனுப்பிய வீடியோக்களில் ஒன்றில் வெள்ளி வட்டத் தட்டாகவும், இன்னொன்றில் ஓரம் வெட்டிய பலகோணமாகவும் தெரிகிறது. போனில் பெரிதாக்கும்போது கவனம் தப்பினால் புள்ளி விரிந்து, லென்சின் வாய் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் விழும். 2019இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து எடுத்த, முக்கோணமாக மின்னும் பொருட்களின் படம் உலகமெல்லாம் சுற்றியது. 2022 மே மாதம் அவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் கடற்படை உளவுப் பிரிவு அதிகாரியே அதை விளக்கினார்: அவை ஆளில்லா விமானங்கள், முக்கோணம் கேமராவால் வந்தது என்று. பொது விசாரணை என்று ஒன்று நடந்ததே அரை நூற்றாண்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அதற்கு முந்தைய வருட அறிக்கையில் 144 சம்பவம் எடுத்தார்கள். உறுதியாகத் தீர்த்தது ஒன்றே ஒன்று, அது காற்றுப்போன பெரிய பலூன். மற்றதைத் தீர்க்கத் தகவல் போதவில்லை என்று எழுதினார்கள். பயிற்சி பெற்ற விமானி, கோடிக்கணக்கில் கருவி, அங்கேயே தகவல் போதவில்லை.

பிப்ரவரி 6

தம்பி சொன்ன 'மறைக்கிறார்கள்' என்பதை நான் முதல் நாளே தள்ளிவிட்டேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது. மறைத்த கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை.

1950களில் அமெரிக்கா யூ-2 என்ற உளவு விமானத்தை அறுபதாயிரம் அடிக்கு மேல் பறக்கவிட்டது. அந்த உயரத்தில் விமானம் பறக்கும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. கீழே பயணிகள் விமானம் ஓட்டுகிறவனுக்குச் சூரியன் மறைந்துவிட்டது, மேலே யூ-2இன் பளபளக்கும் உலோக இறக்கையில் இன்னும் வெயில் படுகிறது. அவன் பார்ப்பது தீப்பந்தம். புகார் வரும், புளூ புக் ஆட்கள் உளவுத்துறையிடம் சரிபார்ப்பார்கள், விடை தெரியும், ஆனால் வெளியே சொல்லமுடியாது. 1997இல் சிஐஏவின் வரலாற்றாய்வாளர் ஒருவர் இதை எழுதினார். 50களின் கடைசியிலும் 60களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ரகசிய விமானங்கள்தான் என்று அதில் சொல்லியிருக்கிறார். அந்தப் 'பாதி'யை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தெரிந்தே வேறு காரணம் சொன்னார்கள் என்பது உண்மை.

ஆக மறைத்தது உண்டு, மறைத்தது தங்கள் சொந்த விமானத்தை. நம் கரையிலும் எந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே போகும் என்று பலகையில் எழுதிப்போட மாட்டார்கள், போடவும் கூடாது. அதனால் சில வெளிச்சத்துக்கு நமக்குப் பதில் வராது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளிக்கும் வியாழனுக்கும்கூடப் பதில் வராததைத்தான் ஏற்கமுடியவில்லை.

பிப்ரவரி 20

இது வேறு. நானே பார்த்தது.

நேற்று இரவு எட்டே முக்காலுக்கு முகுந்தராயர் சத்திரத்தில் ஒரு படகுக்கு ஏரியல் மாட்டிவிட்டுத் திரும்பும்போது கிழக்கே கடலுக்கு மேல் நாலு வெளிச்சம். மஞ்சளும் ஆரஞ்சுமாக, வரிசையாக. ஒன்றும் அசையவில்லை. கூட இருந்த பையன் "அண்ணே, ஓடுங்க" என்றான். மூன்று நாலு நிமிடம் அப்படியே தொங்கியது. பிறகு இடது ஓரத்தில் இருந்தது அணைந்தது, அடுத்தது, அடுத்தது. கடைசியில் ஒன்று மட்டும் தனியாக நின்று அணைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு எழுதின எனக்கே முதுகில் சில்லென்று இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் 1997 மார்ச் 13, ஃபீனிக்ஸ் நகரம் நினைவுக்கு வந்தது. அரிசோனாவில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்த வெளிச்ச வரிசை. அன்றிரவு பத்து மணி வாக்கில் தெரிந்த வரிசை, பயிற்சிக்கு வந்த மேரிலாந்து படைப்பிரிவு விமானங்கள் போட்ட பாராசூட் வெளிச்சக் குண்டு. மக்னீசியம் எரியும், குடை பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும், எரிகிற சூடு குடையைத் தூக்கிப் பிடிப்பதால் நின்ற இடத்தில் நிற்பது போலவே இருக்கும். ஒவ்வொன்றாக மலைக்குப் பின்னால் போனதால் ஒவ்வொன்றாக அணைந்தது போலத் தெரிந்தது. கடலுக்குப் போகிறவர்கள் 'பரா லைட்' என்று சொல்வதும் இதே ஜாதிதான்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஃபீனிக்ஸில் மலை மறைத்தது. இங்கே கிழக்கே மலை ஏது? நான் பார்த்தது எரிந்து தீர்ந்து அணைந்தது. போட்ட வரிசையில் அணைந்தது என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எழுதலாமா வேண்டாமா என்று இரவு தூங்கவில்லை.

ஏழு எட்டு வருடத்துக்கு முன்னால் டீக்கடை வாசலில் ஐந்து பேர் நின்றிருந்தோம். தெற்கே கடலில் சிவப்பாக ஒன்று விருட்டென்று மேலே போய், மெல்ல இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் அணைந்தது. ஒருவர் வாணம் என்றார், ஒருவர் எரிகல் என்றார், ஒருவர் வேற்றுக்கிரகம் என்றார். அரை மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனோம். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, இன்ஜின் நின்றுபோய் ஒரு வல்லம் அந்தப் பக்கம் இரண்டு நாள் காற்றில் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. நாலு பேர், கையில் இருந்த ஒரே ஒரு அவசர வாணத்தை அந்த இரவில் கொளுத்தியிருக்கிறார்கள். உயிரோடு வந்தார்கள், கடவுள் புண்ணியம். அதில் ஒரு பையனுக்கு உதடெல்லாம் உப்பு வெடித்து, வந்து ஒரு வாரம் பேசமுடியவில்லை.

வயர்லெஸ் விற்கிற எனக்கு அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். கப்பல்களுக்கான விதிப்படி அவசரப் பாராசூட் வாணம் 300 மீட்டர் உயரம் போகும், சிவப்பாகக் குறைந்தது 40 வினாடி எரியும், மெதுவாக இறங்கும். நான் பார்த்தது அட்சர சுத்தமாக அதுதான்.

ஆகையால் யாராக இருந்தாலும் சரி: கடலில் சிவப்பு வெளிச்சம் ஏறி இறங்கினால் என்ன என்று விவாதிக்க வேண்டாம். கடலோரக் காவல்படைக்கு 1554க்குப் போன் போடுங்கள். படகில் இருந்தால் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். அப்புறம் வந்து இங்கே எழுதுங்கள்.

பிப்ரவரி 27

வேதாளைத் தம்பியின் மச்சான் துபாயிலிருந்து பைனாகுலர் கொண்டுவந்திருக்கிறார். அதில் பார்த்துவிட்டு நேற்று போன் செய்தார், குரலே மாறியிருந்தது. "அண்ணே, அது உருண்டை இல்லை. வளைந்த தகடு மாதிரி இருக்கிறது. இரண்டு முனையும் கூர்மை. கிரகம் என்றால் உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி பார்த்தது வெள்ளியின் பிறை. நிலாவுக்கு வளர்பிறை தேய்பிறை இருப்பது போல வெள்ளிக்கும் உண்டு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1610இல் கலிலியோ தன் தொலைநோக்கியில் இதைப் பார்த்துத்தான் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று உறுதி செய்தார். அதையே தம்பி வேதாளைக் கரையில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது தேதி போட்டு எழுதிவைக்கிறேன், பிறகு சரிபாருங்கள். இந்தப் பிறை தினமும் மெலிந்துகொண்டே பெரிதாகும். வெளிச்சம் தினமும் சீக்கிரமாக இறங்கும். மார்ச் மூன்றாம் வாரம் அந்தி வானத்திலிருந்து காணாமல் போகும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் விடியலுக்கு முன் கிழக்கே வரும்.

மார்ச் 4

பேச்சு வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. ஒருவர் "மீனவர்களைத் தாக்கிய வெளிச்சம்" என்று பிரேசில் கதையை எழுதியிருந்தார். அது நடந்த விசாரணைதான். 1977இல் அமேசான் முகத்துவாரப் பக்கம் கொலாரெஸ் என்ற தீவு. கடலையும் ஆற்றையும் நம்பிய சனம். இரவில் வெளிச்சம் வந்து சுடுகிறது, மயக்கம் வருகிறது என்று ஊரே தூங்காமல் கிடந்தது. பிரேசில் விமானப்படை ஆட்களை அனுப்பியது, 'ஆப்பரேஷன் பிராட்டோ' என்று பெயர். வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அந்தத் தாள்கள் பல வருடம் பூட்டிக் கிடந்து, பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. வெளிச்சம் என்ன என்பதில் இன்றும் சண்டை. எனக்கு அதில் பிடித்தது, மீன் பிடிக்கிறவனின் வாக்குமூலத்தை ஒரு விமானப்படை அதிகாரி உட்கார்ந்து எழுதினார் என்பது.

எங்கள் அப்பா ஒன்று சொல்வார். நல்லதண்ணித் தீவுக்குத் தெற்கே வலை போட்டிருந்தபோது தெற்கேயிருந்து ஒரு வெளிச்சம் வந்தது, சத்தமே இல்லை, தலைக்கு மேல் போகும்போது வலையின் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது, தன் நிழல் படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான கடையாலுக்கு ஓடியது. இந்த நிழல் ஓடியதை ஒவ்வொரு முறையும் கையால் காட்டுவார். பெரிய எரிகல் என்று இப்போது சொல்லலாம், நிழல் விழும் அளவுக்கு அது எரியும். ஆனால் எந்த வருடம், என்ன மாதம், எத்தனை மணி? "வாடைக் காற்று அடித்த நேரம்" என்பார், அவ்வளவுதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்க அவர் இல்லை. ஒரு தேதி இருந்தால் போதும், வேறு ஊரில் வேறு யாராவது பார்த்ததோடு சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

மார்ச் 18

வெளிச்சம் போய்விட்டது. "நாம் இங்கே எழுதியதைப் படித்து நிறுத்திவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். பிப்ரவரி 27 குறிப்பை ஒரு தடவை படியுங்கள்.

ஏப்ரல் 8

பாம்பன் புதுப் பாலத் திறப்புக்காக மூன்று நாள் கடை பக்கமே போகமுடியவில்லை. அந்த நாட்களில் ஊருக்கு மேல் பறந்த ஹெலிகாப்டருக்குக் கணக்கில்லை, ஒருவரும் அதைப் புகார் எழுதவில்லை. பகலில் பறந்தால் ஹெலிகாப்டர், இரவில் பறந்தால் மர்மம்.

இன்று காலை ஐந்து மணிக்குத் தம்பியிடமிருந்து ஒரு படம். பாம்பன் பக்கம், கடலை ஒட்டி, வெள்ளை வெளேர் என்று ஒரு புள்ளி. கீழே ஒரே வார்த்தை: "வந்திருச்சு."

ஏப்ரல் 13

நாளை மறுநாள் தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில். செட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுக்க நல்ல நேரம் என்பதால் கடையில் கூட்டம். வருகிற ஒவ்வொரு செட்டுக்கும் பக்கத்தில் ஒட்ட ஒரு அட்டை அடித்திருக்கிறேன். தேதி, மணி, காம்பஸ் திசை, எத்தனை முட்டி உயரம், எவ்வளவு நேரம், என்ன நிறம். கடைசிக் கட்டம்தான் 'என்னவென்று நினைக்கிறீர்கள்'. பெயரை முதலில் எழுதினால் மற்றதெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைந்துவிடும், ஜனவரி 11இல் எனக்கு நடந்தது போல.

முட்டி அளவு பழக ஒரு வழி: துருவ நட்சத்திரம் நம் கரையில் வடக்கே ஒரு முட்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில்தான் நிற்கும், நம் அட்சரேகை ஒன்பது டிகிரி சொச்சம் என்பதால். வலை பொத்துகிற பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் விரல் கணக்கில் அதை அளந்துதான் ஊரைக் கண்டுபிடித்தார்கள் என்று தன் தாத்தா சொல்லக் கேட்டதாகச் சொன்னார். அவருக்கு ஒரு அட்டை கொடுத்தேன், வீட்டுத் திண்ணையில் மாட்டியிருக்கிறார்.

தம்பியுடையது நாட்டுப்படகு, தடை இல்லை. முதல் அட்டை அவரிடமிருந்து இன்று வந்தது. இரண்டு வரி. முதல் வரியின் கடைசிக் கட்டத்தில் அவரே 'வெள்ளி' என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது வரி: ஏப்ரல் 12, காலை 5.02, காம்பஸ் 130 முதல் 40 வரை, உயரம் மூன்று முட்டி, நாலு நிமிடம், வெள்ளை, சிமிட்டவில்லை, சத்தம் இல்லை. கடைசிக் கட்டம் காலி.

தெற்கேயிருந்து வடக்கே போயிருக்கிறது, ஆகவே செயற்கைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் தோன்றியது. அதை இன்னும் அட்டையில் எழுதவில்லை. அன்று காலை அந்த நேரம் கிழக்குக் கரையில் வேறு யாராவது கடலில் இருந்திருந்தால், தொண்டியோ தேவிபட்டினமோ மூக்கையூரோ, எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு இடத்துக் கணக்கு கிடைத்தால் அது எவ்வளவு உயரத்தில் போனது என்று போட்டுப் பார்த்துவிடலாம்.